பன்னிரண்டால் வகுத்த களி

நகரி
3 ஏப்ரல் 2025

திரு. தனசேகர் அவர்களுக்கு,

கட்டிய புருஷனுக்கு இப்படித் திரு போட்டு எழுதுவது எனக்கும் புதுசுதான். என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்கள். திருப்பதி ஆபீஸுக்குக் கூப்பிட்டால் ரூபா எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காரு மேடம்" என்கிறாள். அந்த மேடத்தைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். இதையாவது வாங்கித்தானே ஆகவேண்டும்.

விஷயம் இரண்டு. நாம் பிரிந்து, போன மாதத்தோடு ஒரு வருஷம் முடிந்தது. பரஸ்பர விவாகரத்துக்கு வக்கீலம்மா அனுப்பிய தாள்கள் உங்கள் மேஜையில் தூங்குகின்றன. கையெழுத்துப் போடுங்கள். நகை வேண்டாம், ஜீவனாம்சம் வேண்டாம், உங்கள் பேர் என் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அவ்வளவுதான்.

இரண்டாவது, தடா பக்கத்து ஏரிக்கரை. ரோட்டுக்காகச் சேற்றின்மேல் மண் கொட்டிக் கரை எழுப்பத் தொடங்கிவிட்டார்களாம். நாலு மீட்டர் வரை ஏற்றலாம் என்று நீங்கள் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறீர்களாம். எதை நம்பி?

கோன் டெஸ்ட் நடந்த நாள் உங்களுக்கு மறந்திருக்கும். சேற்றில் அழுத்தி இறக்கும் அந்த இரும்பு முனை காலையிலிருந்து லாரிமேல் வெயிலில் கிடந்தது. பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, பூமிக்குள்ளிருக்கும் குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் கருவியில் சைபர் வைக்க வேண்டும். இன்னும் சூடு இறங்கவில்லை, பொறுங்கள் என்றேன். "உனக்குத்தான்டி சூடு ஜாஸ்தி" என்று அந்தப் பக்கெட்டைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தீர்கள். ரிக் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சொட்டச் சொட்ட நடந்துபோய் பஸ் ஏறினேன், திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் கோன் எதில் குளிர்ந்தது?

சூட்டோடு சைபர் வைத்தால் நம் கோன் குளிர்ந்த சேற்றில் கூட்டித்தான் காட்டும். கெட்டி மண்ணாக இருந்தால் அது கணக்கிலேயே தெரியாது. தடா சேற்றில் மொத்த எதிர்ப்பே கொஞ்சம். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதில் ஒரு பங்கு சேறு இல்லை, வெயில்.

அது கிடக்கட்டும். வகுக்கிற எண்ணுக்கு எங்கே போனீர்கள்? முனை காட்டும் எதிர்ப்பில் மேல்மண் பாரத்தைக் கழித்து, மீதியை ஒரு எண்ணால் வகுத்தால்தான், தண்ணீர் வடிய நேரமில்லாமல் பாரம் ஏறும்போது அந்தக் களிமண் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். அந்த எண் களிக்குக் களி மாறும், பத்தாகவும் இருக்கும், இருபதாகவும் இருக்கும். நீங்கள் பன்னிரண்டு போட்டிருப்பீர்கள். உங்கள் எம்.டெக். தீஸிஸில் வந்த பன்னிரண்டு. தடா களி உங்கள் தீஸிஸைப் படித்ததில்லை. அங்கே வேன் டெஸ்ட் செய்தது நான். தகடு வைத்த கம்பியைக் களியில் இறக்கித் திருகி, எந்த முறுக்கில் அறுகிறது என்று பார்த்தது நான். அந்த ரீடிங் என்னிடம் இருக்கிறது. அதில் பன்னிரண்டு வரவில்லை.

கையெழுத்து வரட்டும். ரீடிங் வரும்.

தேவயானி


திருப்பதி
8 ஏப்ரல் 2025

தேவயானி,

ஒரு வருஷம் கழித்து உனக்கு தடா ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம். பெண்டாட்டியாக இருந்தபோது ஒரு டம்ளர் மோருக்கும் உதவாதவள், இப்போது களிமண்ணை வைத்து மிரட்டுகிறாய்.

பக்கெட் தண்ணீர்தானே? ஆசிட்டா ஊற்றினேன்? உன் வீட்டில் நாலு பவர்லூம் ஒன்றாக ஓடும் சத்தத்தில் வளர்ந்தவள் நீ. அடுத்தவன் பேச்சு உன் காதில் விழுந்தே பழக்கமில்லை. பெண் பார்க்க வந்த அன்றே உன் அம்மா சொன்னாள், "பொண்ணு நல்லா படிச்சுது மாப்ள, வாயிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எச்சரிக்கை என்று இப்போதுதான் புரிகிறது.

பன்னிரண்டைப் பற்றிப் பேச உனக்குத் தகுதி கிடையாது. அதற்கு நான் இரண்டு வருஷம் உழைத்தேன். நீ வேன் கைப்பிடியைத் திருகத் தெரிந்தவள், அவ்வளவுதான். தெருக்குழாயைத் திறப்பவர்களும் திருகத்தான் செய்கிறார்கள்.

கம்பெனிக்கு எழுதலாம் என்று நினைத்தால் தாராளமாக எழுது. வீட்டுக்காரிக்கு மனசு சரியில்லை, ஏதாவது மெயில் வந்தால் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல் எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று போன வருஷமே சொல்லிவைத்திருக்கிறேன்.

கையெழுத்து போடமாட்டேன். நீ கேட்கிறாய் என்ற ஒரே காரணம் போதும்.

தனசேகர்


நகரி
12 ஏப்ரல் 2025

தனசேகர் அவர்களுக்கு,

மெயில் போட்டுப் பார்த்தேன். "டேக் கேர் மேடம், கெட் வெல் சூன்" என்று பதில் வந்தது. உங்கள் கைவரிசையைப் பாராட்டுகிறேன். பெண்டாட்டியைப் பைத்தியமாக்கிவிட்டால் அவள் சொல்வதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டியதில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், உங்களுக்கு என் புத்தி.

தீஸிஸைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லையா? கல்யாணமான புதிதில், கார்வேட்டிநகரத்தில் உங்கள் பெரியப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் என்ன சொன்னீர்கள்? ஐந்து இடத்தில் குத்தினோம், நாலில் பன்னிரண்டை ஒட்டி வந்தது, ஐந்தாவதில் பத்தொன்பது வந்தது, கைடு கேட்கப்போகிறாரே என்று அந்த ஐந்தாவதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், அப்போது உங்கள்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. நீங்கள் தூக்கிப் போட்ட அந்த ஐந்தாவது இடம்தான் தடா.

இதற்குமேல் கெஞ்சமாட்டேன். கையெழுத்து இல்லையென்றால் ரீடிங் இல்லை. கரை போனால் போகட்டும். உங்கள் பேரும் அதோடு சேற்றுக்குள் இறங்கட்டும். அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுப்பேன்.

தேவயானி


திருப்பதி
19 ஏப்ரல் 2025

தேவயானி,

லட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாயா? கொடுப்பதற்கு முன் இதைப் படி.

போன வாரம் உன் தம்பி ரங்கன் ஆபீஸுக்கு வந்தான். லூம் ஓனரோடு அடிதடி போட்டுவிட்டு வேலையில்லாமல் சுற்றுகிறானாம். "மாமா, அக்காவுக்கும் உனக்கும் ஆயிரம் இருக்கும். நா அதுல வர்ல. எதுனா வேல இருந்தா சொல்லு மாமா" என்றான். உங்கள் வீட்டில் மனுஷத்தன்மை உள்ளவன் அவன் ஒருவன்தான். அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தேன். சம்பளம், ரூம், பைக்குக்குப் பெட்ரோல்.

எங்கே என்று கேட்கவில்லையே? தடா கரைமேல்தான். ரோலர் ஓடும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு அடுக்கும் இறுகியதா என்று பார்க்கும் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்கு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான்.

உனக்குப் புரிந்திருக்கும், படித்தவள்தானே. கரை சரியும் என்று நீ உண்மையாகவே நம்பினால் உன் கூடப்பிறந்தவனை ஒரு நாள்கூட அதன்மேல் நிற்க விடமாட்டாய். பேரம் பேசாமல் ரீடிங்கை அனுப்பிவிடுவாய். அவன் நிற்கிற ஒவ்வொரு நாளும் நீ சொல்வது பொய் என்பதற்கு அத்தாட்சி. களியைச் சோதிக்க கோன். உன்னைச் சோதிக்க ரங்கன்.

அவன் சந்தோஷமாக இருக்கிறான். மஞ்சள் ஹெல்மெட் அவனுக்கு நன்றாகவே இருக்கிறது.

தனசேகர்


நகரி
24 ஏப்ரல் 2025

நீங்கள் மனுஷனா?

உங்கள் கடிதம் வந்ததும் ரங்கனுக்கு போன் போட்டேன். உடனே கிளம்பி வாடா, அந்தக் கரை நிற்காது என்றேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், படித்துச் சந்தோஷப்படுங்கள். "இன்னாக்கா நீ, மாமா மேல கோவத்துல என் சோத்துல மண்ண போடுற. தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க. இங்க எல்லாம் நல்லா போய்க்கினுதான் இருக்குது. மாமா இன்னாத்துக்கு என்ன சாவடிக்கப் போறாரு?" என்றான்.

மாமா எதற்கு என்று நான் என்ன சொல்வது? அக்காவைச் சோதித்துப் பார்க்க உன்னை அங்கே நிறுத்தியிருக்கிறார் என்றால் நம்புவானா? எனக்கே நம்பமுடியவில்லை. நாலு வருஷம் ஒரே வீட்டில் சோறு தின்றவள் நான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்களையும் எனக்குத் தெரியும். பல்லி கத்தினாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிற ஆள் நீங்கள். அவனை அங்கே வைத்துக்கொண்டு உங்களுக்கு மட்டும் தூக்கம் வருமா? நான் இறங்கமாட்டேன். முதலில் நடுங்கப்போவது நீங்கள்தான். அவனைக் கீழே இறக்குங்கள், கையெழுத்துப் போடுங்கள், ரீடிங் அன்றைக்கே வரும்.

தேவயானி


திருப்பதி
30 ஏப்ரல் 2025

தேவயானி,

நன்றாகத் தூங்குகிறேன். இந்த வாரம் இரண்டு அடுக்கு ஏறியிருக்கிறது. ரங்கன் மேலேதான் இருக்கிறான். உன்னிடமிருந்து ரீடிங் வரவில்லை.

ஆக, நீ பொய் சொல்கிறாய். இல்லையென்றால் தம்பியைவிட விவாகரத்து உனக்குப் பெரிசு. இரண்டில் எது என்று நீயே முடிவு செய்துகொள். எனக்கு எதுவானாலும் சரி.

தனசேகர்


நகரி
7 மே 2025

தனசேகர் அவர்களுக்கு,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இந்த முதல் வரியே போதும் என்று மடித்து வைத்துவிடாதீர்கள், கடைசி வரை படியுங்கள்.

நேற்று ரங்கன் அம்மாவுக்கு போட்டோ அனுப்பியிருந்தான். கரைமேல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறான். "என் புள்ள மலை மேல நிக்கிறான் பாரு" என்று அம்மா தெருவெல்லாம் காட்டினாள். நான் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் உயரம் குறித்த கம்பத்தைப் பார்த்தேன். இரண்டரையைத் தாண்டியிருக்கிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

ரீடிங் இதோ. நீங்கள் பக்கெட்டைக் கவிழ்த்ததற்கு முந்தின வாரம், கரை வரும் இடத்தில் வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று, நானே கோனை ஊறவைத்து இறக்கினேன். இரண்டுக்கும் கையெட்டும் தூரத்தில் வேன் போட்டேன். நாலு மீட்டர் ஆழத்தில், மேல்மண் பாரம் கழித்தபின் கோன் எதிர்ப்பு நூற்று எண்பத்தாறு கிலோபாஸ்கல். அதே ஆழத்தில் வேன், திருத்தம் போட்ட பிறகு, பத்தேகால். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட இதேதான். வகுத்துப் பாருங்கள், பதினெட்டு வரும். நீங்கள் பன்னிரண்டால் வகுத்துப் பதினைந்தரை என்று எழுதுவீர்கள். அந்த ஐந்து கிலோபாஸ்கல் தடாவில் இல்லை. உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது.

பத்தேகாலுக்கு மூன்று மீட்டர் கரை நிற்காது. வடக்கிலும் நிற்காது, தெற்கிலும் நிற்காது. இரண்டடி மண்ணை உடனே வழித்துத் தள்ளி, ஆறு மாதம் சும்மா விட்டால் தண்ணீர் வடிந்து களி கெட்டிப்படும். அதற்கப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

கையெழுத்து வேண்டாம். நிஜமாகவே வேண்டாம். சாகும்வரை உங்கள் பெண்டாட்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆபீஸ் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னால் ரூபா பார்க்கக் கேட்கிறேன். அவனை மட்டும் இறக்கிவிடுங்கள்.

தேவயானி


திருப்பதி
12 மே 2025

தேவயானி,

கடைசி வரை படித்தேன். முதல் வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

இப்போது உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. ஏப்ரலில் உன் முதல் கடிதம் வந்த மறுவாரமே ரிக்கை எடுத்துக்கொண்டு நான் தடா போனேன். கோனைத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு பக்கமும் மறுபடி இறக்கினேன். நீ சொன்னது சரி, பழைய ரீடிங்கில் வெயில் இருந்தது. நாலு மீட்டரை மூன்றாகக் குறைத்தேன். தெற்கில் ஓரிடத்தில் சேறு இன்னும் மோசம் என்பதால் அங்கே வேலையையே நிறுத்திவிட்டேன். ரங்கனை வடக்கில்தான் போட்டேன். முதல் நாளிலிருந்தே அவன் பத்திரமான பக்கத்தில்தான் நிற்கிறான்.

உனக்குத்தான் அது தெரியாது. உன்னைப் பொறுத்தவரை அவன் சரியப்போகிற கரையின்மேல் நின்றான். தெரிந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவிட்டாய். கூடப்பிறந்த தம்பியை! எந்தப் பாரத்தில் நீ அறுவாய் என்று பார்க்க ஆசைப்பட்டேன், பார்த்துவிட்டேன். பக்கெட்டைக் கவிழ்த்தவன் கெட்டவன், நீ உத்தமி என்று இனிமேல் வக்கீலம்மாவிடம் சொல்லும்போது இந்த இரண்டு வாரம் உனக்கு ஞாபகம் வரும். எனக்கு அது போதும்.

பதினெட்டு என்ற கதையை மட்டும் நம்பத் தயாரில்லை. சும்மா விட்டுக்கொடுத்ததாக இருக்கக்கூடாது என்று கடைசியில் ஒரு பயமுறுத்தல், அவ்வளவுதான். வேனை நீ எந்த வேகத்தில் திருகினாயோ. என் எண் பன்னிரண்டு, அது நிற்கும். வடக்கில் மூன்று மீட்டரும் நிற்கும். இந்த வாரம் கடைசி அடுக்கு போடுகிறார்கள்.

கையெழுத்துப் போட்ட தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னை இப்படித் தெரிந்துகொண்ட பிறகு கட்டி வைத்து எனக்கு என்ன லாபம்?

தனசேகர்


நகரி
26 மே 2025

சேகர்,

நீங்கள், அவர்கள் எல்லாம் இத்தோடு போதும். கடைசியாக எழுதுகிறேன், நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் பதினாறாம் தேதி நகரி வந்தது. வாங்க வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டு தேவகி அக்கா வாங்கி வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபரேஷன் ரூமுக்கு வெளியே உட்கார்ந்துதான் படித்தேன். நீ சொன்னபடியே உட்கார்ந்துகொண்டு படித்தேன்.

கரை சரிந்த செய்தி உனக்குத் தெரியும். வடக்குப் பக்கம், கடைசி அடுக்குப் போட்ட அன்று. நீ ஊரில் இல்லை, போனையும் அணைத்துவிட்டாய் என்றார்கள். அதனால் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அன்று காலையிலேயே கரையடியில் சேறு பக்கவாட்டில் உப்பிக்கொண்டு வந்திருக்கிறது. ரங்கன் பார்த்திருக்கிறான். அது எதன் அடையாளம் என்று அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், அதனால் உனக்குத்தான் போன் போட்டிருக்கிறான். மூன்று தடவை. அக்கா சொல்லித்தான் தம்பி கெஞ்சக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பாய். நீ எடுக்கவில்லை. மாமா எடுக்கவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இருக்காது என்று ரோலரை ஓட்டச் சொல்லியிருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கரை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. ரோலர் டிரைவர் குதித்துவிட்டார். ரங்கன் குதித்த இடத்திலேயே ரோலர் வந்து விழுந்தது.

இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள். முட்டிக்கு மேலே. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன் கையெழுத்தைப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் சரியாகப் போட்டிருக்கிறாய். வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன், புத்தூர் கோர்ட்டில் மனு ஏறிவிட்டது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு தப்பு என்று இனி யாரும் உனக்கு நிரூபிக்க வேண்டியதும் இல்லை. விசாரணைக்கு வருகிறவர்கள் வேன் போட்டுப் பார்ப்பார்கள், உன் லைசென்ஸ் என்னவாகிறதோ ஆகட்டும். அதில் எனக்கு ஆசை விட்டுப்போய்விட்டது.

நேற்றுதான் ரங்கன் நன்றாகப் பேசினான். முதலில் உன்னைத்தான் கேட்டான். "மாமா இன்னாக்கா பண்றாரு? பாவம், அவுரு பேர கெடுத்துட்டேன். நாந்தான் ரோலர கொஞ்சம் ஓரமா உட சொன்னேன். அதுலதான் போச்சு. சோறு போட்ட மனுசனுக்கு இப்டி பண்ணிட்டேனேக்கா" என்று அழுதான். நான் அன்று போனில் எச்சரித்ததை இன்னும் வெறும் கோபமாகவே வைத்துக்கொண்டு, சரிந்தது அவனால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இல்லையடா என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் இல்லை என்று கேட்பான். உன் பன்னிரண்டைச் சொல்ல வேண்டும். எதற்காக அவனை அங்கே நிறுத்தினாய் என்று சொல்ல வேண்டும். உன்னைச் சொன்னால், அது தெரிந்தும் இரண்டு வாரம் நான் ரீடிங்கைக் கொடுக்காமல் பிடித்துவைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. அதனால் நானும் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லக்கூடாது. அவனுக்கு நீ கடவுள் மாதிரி. அப்படியே இருந்துவிட்டுப் போ.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று துடிக்கிறான். உன்னுடைய புது நம்பரை ரூபாவிடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. இனி ரங்கனுக்குப் படுக்கையில் வேறு வேலை கிடையாது. தினமும் கூப்பிடுவான். "மன்னிச்சுக்க மாமா" என்பான். நீ "பரவாயில்லைடா" என்று சொல்ல வேண்டும். மறுநாளும் கூப்பிடுவான், மறுநாளும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் டிரஸ்ஸிங் முடிந்ததும் போன் கேட்டிருக்கிறான். எடு.

தேவயானி